நின்டெண்டோ வீயில் சியர்லீடிங் விளையாட்டு: ரிமோட் நம் கையை எந்த அளவுக்கு அறிகிறது?

நீலாங்கரை_நாடோடி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை ஒட்டிய ஓர் ஊரில் வசிக்கிறோம். என் மகள் இந்த ஆண்டு பள்ளியின் சியர்லீடிங் அணியில் (ஆட்டத்தின்போது முழக்கத்தாலும் கையசைவுகளாலும் தம் பள்ளியை உற்சாகப்படுத்தும் குழு) சேர்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு ஊரே திரண்டு போகும் இந்த மாநிலத்தில், மைதானத்தின் ஓரம் பாம்பாம் என்னும் வண்ணக் குஞ்சங்களை ஏந்தி நிற்பது எவ்வளவு பெரிய கனவு என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அண்மையில் அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய பொருள்களை விற்றபோது, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் நின்டெண்டோ வீ விளையாட்டுப் பெட்டி ஒன்றையும், அதனோடு நாம்கோ பண்டாய் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 'வீ சியர்' வட்டையும் சேர்த்தே வாங்கி வந்தேன். ரிமோட்டைக் கையில் பிடித்து ஆட வேண்டிய விளையாட்டு அது. வீட்டில் மகளைத் தவிர ஏழு வயது மகனும், என் மனைவியும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் இருக்கிறார்கள். ரிமோட் இப்போதைக்கு ஒன்றுதான் இருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள். இந்த விளையாட்டு என் மகளின் உண்மையான பயிற்சிக்கு ஏதேனும் வகையில் துணை நிற்குமா? நால்வரும் சேர்ந்து ஆட எத்தனை ரிமோட் வாங்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழம்பெட்டி

வணக்கம் ஐயா. இரண்டாவது ஐயத்துக்கு விடை எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். வீ பெட்டியில் ஒரே நேரத்தில் நான்கு ரிமோட்டுகள் வரை வைத்து ஆடலாம். 'வீ சியர்' விளையாட்டை ஒருவர் ஒரு ரிமோட்டாலும் ஆடலாம், கைக்கு ஒன்றாக இரண்டு ரிமோட்டுகளாலும் ஆடலாம். ஆகவே நால்வரும் ஒன்றாக ஆடினால் ஆளுக்கு ஒன்று. இரு கைகளாலும் முறையாக ஆட விரும்பினால் ஒரு சுற்றுக்கு இருவர் மட்டும். நான்கு ரிமோட் என்றால் எட்டு ஏஏ பேட்டரிகள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னேற்றம் செய்யத்தக்கவற்றை வாங்குவதே கட்டுப்படியாகும்.

முதல் ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டுமென்றால், ரிமோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் நீளமான பட்டைதான் நம் கையைப் பார்க்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பட்டை எதையும் பார்ப்பதில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். பட்டை பழுதானவர்கள் அதற்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துச் சமாளித்ததும் உண்டு. (பாம்பாம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.) ரிமோட்டின் மூக்கில் உள்ள சிறிய கேமரா அந்த விளக்குகளைப் பார்த்துத் திரையில் அம்புக்குறியை நகர்த்துகிறது. நீங்கள் கையை மேலே தூக்கிய மறுகணமே அந்த மூக்கு வேறெங்கோ திரும்பிவிடும் என்பதால், ஆட்டத்தின் நடுவே அதனால் பயனில்லை.

மிச்சம் இருப்பது, வேகம் மாறுவதை அளக்கும் ஒரு முடுக்கமானி. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல்330 என்ற சில்லு அது. மூன்று அச்சுகளில், புவியீர்ப்பின் மும்மடங்கு வரையிலான முடுக்கத்தை அளக்கவல்லது. அதனால் அறியக்கூடியவை இரண்டே. கை அசையாமல் நிற்கும்போது புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்து ரிமோட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். கை அசையும்போது எவ்வளவு வேகமாகத் தொடங்கியது, எவ்வளவு சட்டென நின்றது என்று சொல்லும். கை எங்கே இருக்கிறது என்பது அதற்கு எந்நாளும் தெரியாது.

இதனால் வரும் விளைவை நீங்களே செய்து பார்க்கலாம். இரு கைகளையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி நில்லுங்கள். சியர்லீடிங்கில் அதை, ஆங்கில எழுத்தின் வடிவை வைத்து, டி என்பார்கள். பிறகு முழங்கையை மடக்காமல் அப்படியே கைகளை மார்புக்கு நேரே முன்னால் கொண்டு வாருங்கள். பார்ப்பவருக்கு இவை முற்றிலும் வேறான இரண்டு நிலைகள். புவியீர்ப்பைச் சுற்றித்தான் கை திரும்பியிருக்கிறது என்பதால், நின்றுவிட்ட பிறகு அந்தச் சில்லுக்கு இரண்டும் ஒன்றே. கையை மேலே உயர்த்தி வி போல விரிப்பதையும் கீழே விரிப்பதையும் அது பிரித்தறியும். ஆனால் மேலே விரித்த வி எவ்வளவு அகலம் என்பதில் குத்துமதிப்பாகத்தான் ஏதாவது சொல்லும்.

'வீ சியர்' திரையில், ஆட்டக்காரியின் கை போக வேண்டிய தடம் ஒளிக்கோடாக ஓடும். பாட்டின் தாளத்துக்கு நம் கையும் அந்தப் போக்கில் அசைய வேண்டும். நீங்கள் அந்தக் கோட்டையே பின்பற்றுகிறீர்களா என்று சரிபார்க்கும் வழி ரிமோட்டுக்கு இல்லை. ஏறத்தாழ அந்தத் திசையில் ஓர் அசைவு அந்த நேரத்தில் வந்ததா என்று மட்டுமே அது பார்க்க முடியும்.

மைதான_மாமி

பழம்பெட்டி அவர்களின் விளக்கத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து "பயிற்சிக்கு உதவாது" என்ற முடிவுக்கு யாரும் அவசரப்பட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் இரு பெண்களும் பள்ளி அணியில் ஆடியவர்கள். பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நான் கேட்காத திட்டு இல்லை.

சியர்லீடிங் கையசைவில் பயிற்சியாளர்கள் விடாமல் வலியுறுத்துவது கூர்மை. கை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் குறுக்குவழியில் பாய வேண்டும், போய்ச் சேர்ந்ததும் அடித்து வைத்த ஆணியாக நிற்க வேண்டும், அடுத்த எண்ணிக்கை வரும் வரை துளியும் ஆடக் கூடாது. பரதத்திலோ பிற நடனங்களிலோ உள்ள குழைவு இங்கே பிழையாகக் கருதப்படும். அதுவும் எட்டு எண்ணிக்கைக்குள் எந்த எண்ணில் கை நிற்க வேண்டுமோ அந்த எண்ணிலேயே நிற்க வேண்டும். அணியில் ஒரு பிள்ளை அரை எண்ணிக்கை தாமதித்தாலும் மேலே உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது முதலில் படும்.

கையைச் சட்டென நிறுத்தும்போது ஏற்படும் அதிர்ச்சியைத்தான் முடுக்கமானி தெளிவாக உணர்கிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பயிற்சியாளர் கேட்பதில் பாதியை இந்தக் கருவி நேர்மையாகவே அளக்கிறது. நடன விளையாட்டுகளைவிடச் சியர்லீடிங் விளையாட்டுக்கு இந்த ரிமோட் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. கையை முன்னால் நீட்டும்போது முஷ்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. மெழுகுவர்த்தியைப் பிடிப்பது போல உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தால் அது கேண்டில்ஸ்டிக். வாளியின் கைப்பிடியைப் பிடிப்பது போல உள்ளங்கை தரையைப் பார்த்தால் அது பக்கெட். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இவை இரண்டையும் குழப்பிக்கொண்டு நிற்பார்கள். ரிமோட்டை முஷ்டிக்குள் பிடித்தால் முதல் நிலையில் அது செங்குத்தாகவும் இரண்டாம் நிலையில் படுக்கையாகவும் அல்லவா இருக்கும்? அதைச் சில்லு கண்டுபிடிக்குமா, பழம்பெட்டி ஐயா?

பழம்பெட்டி

நன்றாகவே கண்டுபிடிக்கும் அம்மா. சாய்வை அறிவதுதான் அதன் முதல் வேலை. விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கூர்மையைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. குழைவாக நிற்கும் கை, முடுக்கமானியின் கோட்டில் தாழ்ந்த மேடாகத்தான் தெரியும்.

ஆனால் கூர்மைக்கும் முரட்டுத்தனத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தோளிலிருந்து முஷ்டி வரை 60 சென்டிமீட்டர் உள்ள கை, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுழன்றாலே, மையம் நோக்கிய முடுக்கம் மட்டும் புவியீர்ப்பின் நான்கு மடங்கைத் தாண்டிவிடும். மும்மடங்கு வரை அளப்பதற்காக வடிவமைத்த சில்லு அதற்கு மேல் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் வேகமாக வீசினால் இன்னும் மதிப்பெண் வரும் என்று நினைப்பவர் தோள்வலியை மட்டுமே சம்பாதிப்பார்.

தாளம்_தப்பாதவன்

நீங்கள் இருவரும் சொல்வதைப் படித்தால் ஏதோ அறிவியல் கருவியைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டி ஆட்டினாலும் இந்த விளையாட்டுகளில் மதிப்பெண் வந்துவிடுமே! என்னைக் கேட்டால் குடும்பத்துக்கு யூபிசாஃப்ட் 2009-இல் கொண்டுவந்த 'ஜஸ்ட் டான்ஸ்' போதும். வலக்கையில் ஒரே ரிமோட், திரையில் ஆடுபவரைப் பார்த்து ஆட வேண்டியதுதான். தடமும் வேண்டாம், கோடும் வேண்டாம். அந்தத் தொடரின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை வீ பெட்டிக்கு வட்டு வந்துகொண்டிருந்தது என்றால், மக்கள் எதை விரும்பினார்கள் என்பது தெரியவில்லையா?

பழம்பெட்டி

மணிக்கட்டை வெட்டி ஏமாற்ற முடியும் என்பது உண்மை. இடத்தை அறியாத கருவிக்குச் சிறு வட்டத்தில் வந்த முடுக்கமும் பெரிய வட்டத்தில் வந்த முடுக்கமும் ஒன்றுதான். ஆனால் 'ஜஸ்ட் டான்ஸ்' அந்தக் குறையைத் தீர்க்கவில்லை. இருப்பது அதே ரிமோட், அதே சில்லு. இடக்கையையும் கால்களையும் அது அறியவே அறியாது.

அது வென்றதற்குக் காரணம் கருவி அல்ல, அது கேட்ட விலை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் ஒரு ரிமோட் 39.99 டாலருக்கு விற்ற காலம் அது. இருவர் இரு கைகளாலும் சியர்லீடிங் ஆட, பெட்டியோடு வந்த ஒன்றைத் தவிர மேலும் மூன்று வாங்க வேண்டும், 249.99 டாலருக்கு விற்ற பெட்டியின் விலையில் அதுவே ஏறத்தாழப் பாதி. நடன விளையாட்டோ, வீட்டில் ஏற்கெனவே இருந்ததைக் கொண்டு விருந்தினர் நால்வரையும் ஆட வைத்துவிட்டது. மேலும், திரையில் முழு உருவம் ஆடுவதைப் பார்த்து ஆடுபவர் மதிப்பெண்ணைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஒளிக்கோட்டைக் காட்டி "இதன் மேல் கையை ஓட்டு" என்று சொல்லும் விளையாட்டோ, கருவியால் சரிபார்க்க முடியாத ஒன்றைச் சரிபார்ப்பதாகக் காட்டிக்கொள்கிறது. சரியாகச் செய்தும் தவறு என்று வரும்போது பிள்ளைகளுக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அதே 2008-இல் டிஎச்க்யூ நிறுவனம் 'ஆல் ஸ்டார் சியர் ஸ்குவாட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. இரண்டாவது கைக்கு இன்னொரு ரிமோட் கேட்காமல், ரிமோட்டோடு கம்பியால் இணையும் நஞ்சக் என்ற துணைப்பிடியைப் பயன்படுத்திய வழி செலவைக் குறைத்தது. நஞ்சக்குக்குள்ளும் தனியே ஒரு முடுக்கமானி உண்டு. ஆனால் அந்தக் கம்பியின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். வளர்ந்தவர் இரு கைகளையும் டி போல முழுதாக விரித்தால் முஷ்டிக்கும் முஷ்டிக்கும் இடையே உள்ள தொலைவு அதைத் தாண்டிவிடும். கம்பி விறைத்து, கை பாதி வழியில் நிற்கும். சிறு பிள்ளைகளுக்கு அது சிக்கலில்லை.

நீலாங்கரை_நாடோடி

அனைவருக்கும் நன்றி. மேலும் இரண்டு ரிமோட்டுகள் வாங்கிவிட்டேன்; மூன்று என்பது ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு ஒன்று என்று முடிந்து, வீட்டில் புதிய பஞ்சாயத்துக்கு வழி வகுத்திருக்கிறது.

இதற்கிடையில் வேறொரு சிக்கல். இரண்டு பாம்பாம்களையும் ரிமோட்டோடு ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு ஆடிய என் மகனைப் பார்த்து, தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர், "இதெல்லாம் பெண் பிள்ளைகள் ஆடுவதல்லவா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவன் ரிமோட்டைத் தொட மறுக்கிறான்.

மைதான_மாமி

உங்கள் உறவினரிடம் வரலாற்றைச் சொல்லுங்கள் தம்பி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் வந்து நின்று முழக்கத்தை வழிநடத்தியதிலிருந்துதான் இந்த மரபை எண்ணுகிறார்கள். அடுத்த கால் நூற்றாண்டு இது ஆண்களின் துறையாகவே இருந்தது. பெண்கள் உள்ளே வரத் தொடங்கியது 1920-களில், எண்ணிக்கையில் மிகுந்தது இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போன பிறகு. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் கால்பந்து ஆடி முழங்காலில் அடிபட்ட ஐசன்ஹோவர் பின்னர் அங்கே சியர்லீடராக நின்றிருக்கிறார். இளைய புஷ் (ஜார்ஜ் டபிள்யூ. புஷ்) தம் பள்ளியில் தலைமைச் சியர்லீடர். இரண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் செய்ததை உங்கள் மகன் செய்தால் குடும்ப கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

பாம்பாமை ரிமோட்டோடு கட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். பொத்தான்கள் மறைந்துவிடும், பிடியும் வழுக்கும். மணிக்கட்டு வாரைக் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள்.

தாளம்_தப்பாதவன்

மணிக்கட்டு வார் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெட்டி வெளிவந்த 2006-ஆம் ஆண்டிலேயே, ஆடும்போது வார் அறுந்து ரிமோட் பறப்பதாகப் புகார்கள் எழ, நின்டெண்டோ அந்த டிசம்பரில் ஏறத்தாழ 32 லட்சம் வார்களை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. மறு ஆண்டு ரிமோட்டுக்குச் சிலிகான் உறையும் இலவசமாகத் தந்தார்கள். பழைய பெட்டியோடு வந்த ரிமோட் என்றால் வார் மெல்லிய முதல் வகையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கேள்வி. இவ்வளவு குறைகளைப் பொறுத்துக்கொள்வதற்குப் பதிலாக, பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியும் அதோடு இணையும் கைனெக்டும் வாங்கிவிட்டால் என்ன? அது கேமரா கொண்டு உடலையே பார்க்கிறது. 2011-இல் 2கே நிறுவனம் கைனெக்டுக்காகவே 'லெட்ஸ் சியர்' என்ற விளையாட்டை வெளியிட்டதே!

பழம்பெட்டி

கைனெக்ட் உடலின் 20 மூட்டுகளைப் பின்தொடர்கிறது. கை பக்கவாட்டில் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா என்பதை அது தயக்கமின்றிச் சொல்லிவிடும். சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டை ஆட்டி அதை ஏமாற்ற முடியாது. அந்த வகையில் வீயால் முடியாததை அது முடித்துவைத்தது.

ஆனால் முதல் கைனெக்டின் பார்வை விரல்கள் வரை போகாது. மைதான_மாமி அவர்கள் சொன்ன கேண்டில்ஸ்டிக்கும் பக்கெட்டும் அதற்கு ஒன்றே. முஷ்டி திரும்பியிருப்பதை வீ ரிமோட் அறியும், கை இருக்கும் இடத்தைக் கைனெக்ட் அறியும். இரண்டையும் அறிந்த கருவியை அந்தத் தலைமுறையில் தேடினால் 2010-இல் வந்த 'பிளேஸ்டேஷன் மூவ்' என்ற கைப்பிடியைத்தான் சொல்ல வேண்டும். கைனெக்டுக்கு இடமும் நிறைய வேண்டும்: ஒருவர் ஆட ஏறத்தாழ ஆறடி பின்னால் நிற்க வேண்டும், இருவருக்கு இன்னும் தள்ளி. ஒரே நேரத்தில் இருவரின் மூட்டுகளைத்தான் அது முழுதாகப் பின்தொடரும் என்பதால், நால்வர் உள்ள குடும்பத்தில் இருவர் எப்போதும் பார்வையாளர்களே.

நீலாங்கரை_நாடோடி

கைனெக்டுக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. மகன் மீண்டும் ஆட வந்துவிட்டான். ஐசன்ஹோவர் யார் என்று மட்டும் மூன்று முறை கேட்டான்.

இப்போது மகளின் குறை. கை பாட்டின் எண்ணிக்கையில் சரியாக நிற்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் மாமியாரே (அவர் சிறு வயதில் பாட்டு கற்றவர்) தாளம் சரி என்கிறார், ஆனாலும் விளையாட்டு ஏறத்தாழ ஒவ்வோர் அசைவையும் தாமதம் என்று குறிக்கிறது. சற்று முந்தி அடித்தால் மதிப்பெண் வருகிறது. இப்படி முந்தி அடித்துப் பழகினால் அணியில் போய் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கிவிடுவாளோ என்று என் மனைவி கவலைப்படுகிறாள். தொலைக்காட்சி புதிது; ஒலிக்குத் தனியாக ப்ளூடூத் ஒலிபெருக்கி வைத்திருக்கிறோம்.

பழம்பெட்டி

குற்றவாளியை நீங்களே கடைசி வரியில் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள் ஐயா. ப்ளூடூத் வழியாகப் போகும் ஒலி காதுக்கு வந்து சேர்வதற்குள் நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு கழிந்துவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பதே அரை நொடிதான். உங்கள் மகள் காதில் விழும் பாட்டுக்குச் சரியாகத்தான் ஆடுகிறாள். பெட்டிக்குள் பாட்டு அதற்கு முன்பே போய்விட்டது.

ஒலிபெருக்கியைத் துண்டித்துவிட்டுத் தொலைக்காட்சியின் ஒலியிலேயே ஆடச் சொல்லுங்கள். அடுத்து, தொலைக்காட்சி அமைப்புகளில் கேம் மோடு என்று இருப்பதை இயக்குங்கள். வீயின் படம் 480 வரிகளுக்கு மேல் போவதில்லை. புதிய தொலைக்காட்சிகள் அதை இழுத்துப் பெரிதாக்கி மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் தாமதத்தில் சேரும். படத்தை மூன்று கம்பிகளாகப் பிரித்து அனுப்பும் காம்பனென்ட் கேபிளைச் செருகும் துளை இருந்தால், மஞ்சள் முனை உள்ள கேபிளைவிட அதுவே மேல்.

மைதான_மாமி

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. தாமதம் தீரும் வரை மகளை அந்த விளையாட்டில் விட வேண்டாம். தவறான எண்ணிக்கை உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. அதோடு, இந்த விளையாட்டு தருவது கையசைவு மட்டுமே. குதித்தல், கரணம், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்றல் ஆகியவையெல்லாம் பயிற்சியாளர் முன்னிலையில், பாயின் மேல் மட்டுமே நடக்க வேண்டும். திரையில் பார்த்துவிட்டு வரவேற்பறையில் தம்பியைத் தோளில் ஏற்றிவிடப் போகிறாள்.

முடிந்தால் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். ரிமோட்டுக்குத் தெரியாத வி-யின் அகலம் அதில் தெரியும்.

நீலாங்கரை_நாடோடி

ஒலிபெருக்கியைத் துண்டித்து, கேம் மோடையும் இயக்கிவிட்டேன். தாமதம் என்ற குறி ஏறத்தாழ மறைந்துவிட்டது. இனி முந்தி அடிக்க வேண்டியதில்லை. கண்ணாடியும் வந்துவிட்டது. மகள் மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்க்கிறாள்.

நான்காவது ரிமோட்டையும் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் வேறு தயாரிப்பு ரிமோட்டுகள் இந்த விளையாட்டுக்குச் சரிப்படுமா?

பழம்பெட்டி

அம்புக்குறியை நகர்த்தி ஆடும் விளையாட்டு என்றால் வாங்குங்கள் என்பேன். இங்கே முடுக்கமானியே எல்லாம் என்பதால், அதன் தரம் தெரியாத ரிமோட் வேண்டாம். பழையதாக இருந்தாலும் அசலாகவே தேடுங்கள். வாங்கும்போது பேட்டரிப் பெட்டியைத் திறந்து, உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2009-க்குப் பின், திரும்புவதை அளக்கும் சுழல்மானி சேர்த்து வந்த மோஷன்பிளஸ் ரிமோட் கிடைத்தாலும் வாங்கலாம். அதற்கு முன் வந்த இந்த விளையாட்டுக்கு அந்தச் சுழல்மானியால் கூடுதல் பயன் எதுவும் இல்லை, இடையூறும் இல்லை.